மஞ்சளில் வந்த ஒன்பது காணிகள்

— "1989 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, கல்முனைக்குடி. கொக்கட்டி வட்டை வயல்காரரின் போன வருடச் சிறுபோகப் பட்டியலும் இந்த வருடச் சிறுபோகப் பட்டியலும் ஒப்பிடப்பட்டன. பழையதில் 412 காணி. புதியதில் 415 காணி." மிஷினுக்குத் தமிழ் தெரியாதுதானே, மேல் கடுதாசியில கையால இப்பிடி எழுதிக் குடுப்பம். சரியா, காக்கா?

— தலைப்பு நல்லம். கீழ திரையப் பாரு, றஹீமா தங்கச்சி. முழுப் பேரும் சிவப்பாக் கிடக்கிறாங்க. கொக்கட்டி வட்டையில ஒருத்தரும் மிஞ்சல்லயா?

— அது நேத்து எழுதின புரோகிராம். முதலாம் வரிய முதலாம் வரியோட, ரெண்டாம் வரிய ரெண்டாம் வரியோட ஒப்பிடச் சொல்லியிருந்தன். 57ஆம் காணி இந்தமுறை மூணாப் பிரிஞ்சிட்டு. அதுல ரெண்டு வரி கூடினதும் அதுக்குக் கீழ உள்ள எல்லாப் பேரும் தள்ளிப் போச்சு. மிஷின் என்ன செய்யும்? முந்நூத்தம்பது பேரையும் புது ஆக்கள் எண்டு நினைச்சிட்டு.

— எனக்கு இதுவே போதும் போல கிடக்கு. வட்டைய மேற்பாக்கிற விதானையார் கலர்தானே கேட்டார்? நல்ல கலராத்தானே இரிக்கி.

— பகிடி விடாதீங்க காக்கா. எது மாறின எண்டுதான் அவர் கேட்ட. எல்லாம் மாறின எண்டு சொல்றதும் ஒண்டும் சொல்லாம இரிக்கிறதும் ஒண்டுதான்.

— இப்ப என்ன செஞ்சிரிக்காய்?

— இப்ப காணி இலக்கத்தப் பிடிச்சு ஒப்பிடுது. பழையதுல கிடந்த இலக்கம் புதியதுல இல்லாட்டிச் சிவப்பு. புதியதுல மட்டும் கிடந்தா பச்சை. இலக்கம் ரெண்டுலயும் கிடந்து ஆள்ட பேர் மட்டும் மாறியிருந்தா மஞ்சள். மாறாததெல்லாம் வெள்ளை.

— மஞ்சளும் போட்டியா?

— ஏன், மஞ்சள் ஆகாதா?

— ஆகாம என்ன. மூணு கலர் எதுக்கு எண்டு கேட்டன். கொழும்புச் சந்தியில வெளக்கா நடுறாய்?

— கலரும் கேட்டாத்தான் வரும். ஒப்பு எண்டு அடிச்சு, பழைய பட்டியல்ட பேர், புதுப் பட்டியல்ட பேர், பின்னால ஒரு சரிவுக்கோடும் V எழுத்தும். V எண்டா வர்ணம். அது போடாட்டிக் கலர் இல்ல. சிவப்புக்குப் பதிலா கழித்தல் அடையாளம், பச்சைக்குக் கூட்டல், மஞ்சளுக்கு நட்சத்திரம்.

— கலர் திரைய வாங்கி வெச்சிட்டு அதுல கலர் வராமப் பாக்க ஒரு வழியும் செஞ்சிரிக்காய்.

— நேத்து அச்சடிச்சதக் கண்டீங்கதானே? கலர மாத்து எண்டு திரைக்குச் சொல்ற கட்டளையும் பேரோட சேந்து பிரிண்டருக்குப் போச்சு. பிரிண்டருக்குக் கலர் விளங்கா. ஒவ்வொரு பேருக்கும் முன்னால ஒரு அடைப்புக்குறியும், முப்பத்தொண்டும், m எழுத்தும் அடிச்சு வெச்சிட்டு.

— ஓம், ஓம். பக்கத்துக் கடைக்காரர் பாத்திட்டு, ஆளுக்கு முப்பத்தொரு மீட்டர் துணியா குடுக்கிறாங்க, மருதமுனைச் சாரனா, எங்க போய் வரிசையில நிக்கிற எண்டு கேட்டார்.

— அதுக்குத்தான் சொல்றன். திரைக்கு V போடுறது, கடுதாசிக்குப் போடாம விடுறது.

— அப்ப ஒண்டு செய். விதானையார் வந்தா V போடாமலே காட்டு.

— அவர் கலர் பாக்கத்தானே வாறார்?

— வயசாளி. கண் கூசும். நட்சத்திரத்தக் கடுதாசியில பாத்திட்டுப் போகட்டும்.

— காக்கா, இது அவருக்குப் புடிச்சாத்தான் மத்தப் பதினொரு வட்டையும் இஞ்ச பட்டியல் அனுப்பும். பதினொரு வட்டை வந்தா எனக்கு ஒரு வருச வேல. வேல கிடைச்சா ஒரு வருசத்துக்குக் கலியாணக் கத எடுக்க மாட்டன் எண்டு வாப்பா சொன்னவர். கிடைக்காட்டி நோம்புப் பெருநாள் முடிய மாப்பிள்ளை தேடத் தொடங்குவார். நீங்க கண் கூசுற கத சொல்றீங்க.

— எனக்குத் தெரியாதா?

— வாப்பாட வாயால அப்பிடி ஒரு சொல்லு வரும் எண்டு நான் நினைச்சதே இல்ல. "புள்ள ஒரு வருசம் வேல செய்யட்டும், கலியாணத்தப் பிறகு பாப்பம்" எண்டார். நான் போய் ரெண்டு றக்அத் தொழுதன்.

— சரி, சரி. வெளிய சைக்கிள் நிக்குது. அவர்தான்.

— அஸ்ஸலாமு அலைக்கும். மசூர் தம்பி, வரலாமா?

— வஅலைக்குமுஸ்ஸலாம். வாங்க விதானையார், இந்தக் கதிரையில இரிங்க. றஹீமாதான் எல்லாம் செஞ்சி வெச்சிரிக்கா.

— மாஷா அல்லாஹ். மகள், இந்த ஆதம்பாவாக்கு மிஷின் தேவையில்ல, அத முதல்ல சொல்லிப் போடுறன். இருவத்திரண்டு வருசமா கொக்கட்டி வட்டைக்கு விதானை. நானூறு காணியும் மனப்பாடம். எந்த வரம்புல எந்த நண்டு பொந்து வெச்சிரிக்கெண்டும் தெரியும்.

— அப்ப ஏன் விதானையார் எங்களிட்ட வந்த?

— நீர்ப்பாசனக் கந்தோர் ஐயாக்கு என்ட மனப்பாடத்துல நம்பிக்கையில்ல, அதான். இந்தமுறை குளத்துல அரைவாசித் தண்ணி. குளத்துக்குக் கிட்டவுள்ள மேல்கண்டம் மட்டும்தான் விதைக்கிற. கீழ்க்கண்டத்துக்காரனுக்கும் மேல்கண்டத்துல ஒரு பங்கு பிரிச்சுக் குடுக்கணும். பட்டியல்ல பேர் இல்லாட்டிப் பங்கு இல்ல. சனிக்கிழமைக் கூட்டத்துல அடிபுடி வரும் எண்டு ஐயாக்குப் பயம். எந்தக் காணி மாறின, ஏன் மாறின, எழுதித் தா எண்டுறார்.

— ஏன் மாறின எண்டது எத்தின வகை? முதலே சொன்னீங்கெண்டா நான் இடம் விட்டு வெப்பன்.

— மூணுதான் மகள். மௌத்து, சீதனம், விலை. ஒரு வயல் கை மாறுறதெண்டா இந்த மூணுல ஒண்டுதான். நாலாவது காரணத்த நான் கண்டதில்ல.

— காக்கா, நீங்க தள்ளுங்க, நான் அடிக்கிறன்.

— நான் அடிச்சிட்டன் புள்ள. இந்தா, ஓடுது. V போடல்ல. பாருங்க விதானையார், எவ்வளவு சுத்தமா வருது.

— என்ன தம்பி இது? எறும்பு ஊருறாப்போல போகுது. கலர் எண்டு சொன்னீங்களே?

— கலர் கண்ணுக்குக் கூடாது, விதானையார். குவைத்துல டொக்டர்மார் சொல்லுவாங்க.

— என்ட கண்ணுக்கு ஒண்டும் செய்யா. ரெண்டு கண்ணும் வெட்டித் துப்புரவாக்கின கண். கலரப் போடுங்க மகள்.

— இந்தா. அதே கட்டளை, பின்னால V. பாருங்க.

— அல்லாவே! வெள்ளையெல்லாம் வெள்ளையாக் கிடக்க, இஞ்ச ஒரு சிவப்பு, அங்க ஒரு பச்சை. வேளாமைக்குள்ள களை தெரியிறாப்போல தெரியுது. இந்தச் சிவப்பு என்ன?

— 57ஆம் காணி. பழையதுல கிடந்தது, புதியதுல இல்ல.

— ஓம், மூணு பொம்பளப் புள்ளையளுக்குப் பிரிச்சுக் குடுத்தது. கீழ பச்சையில மூணு வரும் பாருங்க.

— வருது. 57இல ஒண்டு, ரெண்டு, மூணு. மற்றச் சிவப்பு 203.

— அது புது வாய்க்காலுக்குள்ள போயிட்டு. அரசாங்கம் எடுத்தது. கடைசியில ரெண்டு பச்சை வரணுமே, காட்டோரம் புதுசாச் சேத்தது?

— 413, 414. வருது. ரெண்டு சிவப்பு, அஞ்சு பச்சை. நானூத்திப் பன்னிரண்டுல ரெண்டு போய் அஞ்சு வந்தா நானூத்திப் பதினைஞ்சு. சரியாக் கிடக்கு.

— மிஷின் பொய் சொல்லல்ல. இந்த மஞ்சள்?

— மஞ்சள் ஒம்பது. வயல் அங்கயே கிடக்கு, ஆள் மாறியிரிக்கி. இதுக்குத்தான் காரணம் வேணும்.

— விதானையார், மஞ்சள நீங்களும் நானும் பாத்துக்கொள்ளுவம். றஹீமா, உள்ள போய்த் தேத்தண்ணி போட்டிட்டு வா.

— உம்மா போடுறா, காக்கா. நீங்க ஒத்த விரலால அடிச்சு முடிக்கக்குள்ள கரண்ட் போயிரும். விதானையார், நான் இலக்கத்தச் சொல்றன், நீங்க காரணத்தச் சொல்லுங்க.

— திரையப் பாக்காமச் சொல்றன். சோதிச்சுப் பாருங்க.

— 31. பழையது மீராசாஹிபு, புதியது சுஹறா.

— மௌத்து. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் போயிட்டார். சுஹறா பெண்சாதி. அந்த வயல் முந்தியே அவட சீதனம்தான். கூட்டத்துக்கு ஆம்பிளை வாறதால புருசன்ட பேரப் போட்டிருந்தம்.

— அப்ப மனிசன் மௌத்தாகினபிறகுதான் அவட வயல்ல அவட பேர் வந்திரிக்கி.

— வட்டையில பாதி வயல் அப்பிடித்தான். வயல் பொம்பளையிட, பேர் ஆம்பிளையிட. அடுத்தது?

— 76. பழையது காலிதீன், புதியது இஸ்மாலெவ்வை.

— சீதனம். காலிதீன்ட மூத்த மகள் முனவ்வறாட மாப்பிள்ளை. கலியாணக் காவின் எழுதின மை காயல்ல, பட்டியல்ல என்ட பேரப் போடுங்க எண்டு வந்து என்ட படலையில நிண்டவன்.

— 88. பழையது உதுமாலெவ்வை, புதியது றம்லா.

— அதுவும் சீதனம்.

— றம்லா ராத்தாக்குப் போன வருசம் தலாக்குத்தானே நடந்த?

— சீதனம்தான் மகள், வந்த வழியால திரும்பிப் போயிரிக்கி. கந்தோர் ஐயாக்கு வந்த வழி, போன வழி தேவையில்ல. சீதனம் எண்டு போடுங்க.

— போட்டாச்சு. 102. பழையது இராசதுரை, புதியது குணம்.

— காரைதீவு ஆக்கள். அண்ணன் தம்பிக்கு எழுதினது. விலை.

— தம்பிக்கு வித்தவரா?

— வித்தன் எண்டு ரெண்டு பேரும் சொல்றாங்க. நான் நோட்டுக் கை மாறினதக் காணல்ல. அண்ணன்காரனுக்கு மட்டக்களப்புல வாத்தியார் வேல. விலையெண்டே போடுங்க.

— விதானையார், தேத்தண்ணி வந்திட்டு. குடிச்சிட்டு ஆறுதலாப் பாப்பம். றஹீமா, திரைய நிப்பாட்டு, சூடாகும்.

— சூடாகாது காக்கா. நாலு முடிஞ்சிது, இன்னும் அஞ்சுதான். 118. பழையது அப்துல் கபூர், புதியது மஜீட்.

— விலை.

— பொறுங்க.

— என்ன மகள்? விலை எண்டு போடுங்க. அரிசி ஆலை மஜீட்.

— இது எங்கட வாப்பாட வயல்.

— ஓம், உங்கட வயலாக் கிடந்தது.

— இல்ல விதானையார், அடிச்ச இடத்துல பிழை வந்திரிக்கி. பழைய பட்டியல நான் அடிச்சன். புதுப் பட்டியலத் தான் அடிக்கிறன் எண்டு காக்கா வாங்கிட்டுப் போனவர். வரி மாறி அடிச்சிட்டார் போல. என்ன காக்கா?

— ஓம், ஓம். பிழைதான். 119க்குப் போடவேண்டிய பேர் மேல ஏறிட்டு. நீ அந்த மஞ்சள அழிச்சு வெள்ளையாக்கு.

— 119 வெள்ளையாக் கிடக்கு. அதுல மாற்றமே இல்லயே.

— மசூர் தம்பி, ஏன் பிழை எண்டுறீங்க? நவம்பர் மாசம் நீங்களும், கபூர் காக்காவும், நானும், மஜீடும் ஒண்டாத்தானே வயல எழுதிக் குடுக்க நொத்தாரிசிட்டப் போனம்? திரும்பி வரக்குள்ள மழை. நீங்கதான் எனக்குக் குடை புடிச்ச.

— விதானையார், தேத்தண்ணி ஆறுது.

— ஆறட்டும். புள்ளைக்கு இது தெரியாதா?

— தெரியா. இப்ப இந்தத் திரையிலதான் பாக்கிறன். காக்கா, என்னப் பாருங்க. வயல எதுக்கு வித்த?

— வாப்பா வித்தார்.

— எதுக்கு எண்டு கேட்டன்.

— இதுக்குத்தான். இந்த மிஷினுக்கு.

— மிஷின் நீங்க குவைத்துல இருந்து கொண்டு வந்ததுதானே?

— குவைத்துல இருந்து நான் கொண்டு வந்தது ரெண்டு கம்பளியும், ஒரு கெசட் ரேடியோவும், ஒரு முதுகுவலியும். ஏழு வருசம் வெயில்ல குழாய் தூக்கினன். மிஷின் கொழும்புல வாங்கின.

— ஊரெல்லாம் குவைத்து மிஷின் எண்டு சொல்றாங்க.

— ஊர்தான் சொல்லிச்சு. நான் இல்லயெண்டு சொல்லல்ல, அவ்வளவுதான்.

— ரெண்டேக்கர்.

— ஒரேக்கர் பெட்டிக்கு. மத்தது கலர் திரைக்கும் பிரிண்டருக்கும் சரியாப் போச்சு. கறுப்பு வெள்ளைத் திரை குறைய எண்டாங்க. நான்தான் கலர் எடுப்பம் எண்டன்.

— அதுக்குத்தான் காலத்தால இருந்து V போடாத, V போடாத எண்டு நிண்டீங்க.

— நேத்து ஊரே சிவப்பாக் கிடக்கக்குள்ள நான் எவ்வளவு நிம்மதியா இருந்தன் தெரியுமா? நீ காணி இலக்கத்தப் புடிச்சாய்.

— எனக்கு ஏன் சொல்லல்ல?

— சொன்னா நீ இந்தக் கதிரையில வந்து இருந்திருப்பியா? வயலத் திருப்பு எண்டு நிண்டிருப்பாய்.

— அப்ப வாப்பா கலியாணக் கதைய நிப்பாட்டினது நான் வேல செய்யட்டும் எண்டு இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்குச் சீதனமாச் சொல்றதுக்கு வயல் இல்ல.

— ரெண்டும்தான் றஹீமா.

— எது முந்தி?

— வயல்.

— மகள், தண்ணி கொஞ்சம் குடிங்க.

— வேணா விதானையார். 118, விலை. போட்டாச்சு. அடுத்தது 140. பழையது அலியார், புதியது அசனார்.

— மெய்யாத்தான் தொடர்ந்து செய்யப் போறீங்களா? நான் அசர் தொழுகைக்குப் பிறகு வாறன்.

— நாலுதான் கிடக்கு. 140.

— மௌத்து. வாப்பாட வயல் மகனுக்கு. ஒரே ஒரு மகன், பொம்பளப் புள்ள இல்ல.

— 219.

— சீதனம்.

— 266.

— மௌத்து.

— 391.

— விலை. அதுவும் மஜீட்தான் வாங்கினது.

— முடிஞ்சிது. இப்ப V இல்லாம அச்சடிக்கிறன். ஒம்பது பக்கம் வரும். எடுத்திட்டுப் போங்க.

— றஹீமா, கேளன். ஒரு சின்ன உதவி. கடுதாசியில 118க்கு நேரா அந்த நட்சத்திரத்த மட்டும் எடுத்து விடு. மஜீட்ட பேர் கிடக்கட்டும், அடையாளம் வேணாம். சனிக்கிழமை கூட்டத்துல முழு ஊரும் பாக்கும். நானூறு பேருக்குள்ள ஒரு பேர், நட்சத்திரம் இல்லாட்டி ஆரும் தேட மாட்டாங்க.

— ஒம்பது மாறினது. எட்டு நட்சத்திரம் வருமா?

— ஒண்டு குறைஞ்சா என்ன?

— சுஹறா உம்மாட நட்சத்திரத்த எடுக்கச் சொல்லி அவட மச்சான்மார் வந்தா, அப்ப என்ன சொல்ற? றம்லா ராத்தாட நட்சத்திரத்த எடு எண்டு உதுமாலெவ்வை வந்தா? பட்டியல்ல பேர் இல்லாட்டிப் பங்கு இல்ல எண்டு இப்பதானே விதானையார் சொன்னார்.

— புள்ள சொல்றது சரி, தம்பி. நான் சொல்றன் கேளுங்க. மத்தப் பதினொரு விதானைமாரையும் எனக்குத் தெரியும். அதுல மூணு பேர் காணி இலக்கத்த மாத்தி எழுதுறதுல கெட்டிக்காரர். அவங்கட பட்டியலையும் இந்தப் புள்ள இப்பிடித்தான் பாக்கணும். ஐயாட்ட நாளைக்கே சொல்றன். பதினொண்டும் இஞ்சதான் வரும்.

— மெய்யாவா விதானையார்?

— ஆதம்பாவா பொய் சொன்னதில்ல. கூட்டிச் சொல்லியிருப்பன், பொய் சொன்னதில்ல. ஒரு வருச வேல உங்களுக்குக் கிடக்கு, மகள்.

— அல்ஹம்துலில்லாஹ்.

— பாத்தியா றஹீமா? எல்லாம் நல்லதுக்குத்தான். வயல் போனாலும் வேல வந்திட்டு. இனி ஒரு பிரச்சினையும் இல்ல. நிலையத்துக்கும் பேர் வரும்.

— ஆரிட நிலையத்துக்கு?

— என்ன ஆரிட? மசூர் கம்ப்யூட்டர் நிலையம். போர்டுல கிடக்கு.

— என்ட வயல்ல வாங்கினது.

— றஹீமா, விதானையாருக்கு முன்னால கேக்கிறன். இந்த ஊருல ஆம்பிளைக்கு என்ன கிடக்கு? இந்த வீடு உனக்கு. வயல் உனக்கு எண்டிருந்தது. நான் பெண்சாதி வீட்டுல இரிக்கன், அது அவட வீடு. சுவர்ல ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் மாமியிட்டக் கேக்கணும். ஏழு வருசம் வெளிநாட்டுல நிண்டு வந்தவன், பஸ்சால இறங்கக்குள்ள ரெண்டு கம்பளியோட இறங்கினன். ஒரு போர்டுல என்ட பேர் கிடக்கிறதுல உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?

— போர்டுல உங்கட பேர் கிடக்கட்டும். எனக்கு அதுல ஒண்டுமில்ல. வேற ஒண்டுதான் எனக்கு வேணும். விதானையார், அச்சடிச்சு முடியிறதுக்குள்ள இன்னொரு வேல.

— சொல்லுங்க மகள்.

— ஒரு வெள்ளக் கடுதாசி எடுக்கிறன். இப்பிடி எழுதுறன்: "118ஆம் காணி ரெண்டேக்கருக்குப் பதிலாக, அப்துல் கபூர் ஆகிய நான் என் மகள் றஹீமாவுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு கலர் திரை, ஒரு பிரிண்டர் ஆகியவற்றைச் சீதனமாகக் கொடுத்தேன்." வாப்பா அசர் தொழுதிட்டு வந்ததும் கையெழுத்து வாங்குறன். நாளைக்கு மாப்பிள்ளை எண்டு ஆர் வந்தாலும், வராட்டியும், இது என்ட. நீங்க சாட்சி வெப்பீங்களா?

— நான் எத்தின தரம் மகள் சாட்சி வெக்கிற?

— எத்தின தரமெண்டா?

— வயல் எழுதின அண்டைக்கே, அதே நொத்தாரிசிட மேசையில இருந்து உங்கட வாப்பா இதத்தான் எழுதினார். கம்ப்யூட்டர் எண்ட சொல்ல எப்பிடி எழுதுற எண்டு என்னட்டக் கேட்டார், எனக்கும் தெரியா. மகள்ட சீதனம், வேற ஆருக்கும் இதுல பாத்தியத இல்ல எண்டு எழுதி, அவர் கையெழுத்து வெச்சு, நான் சாட்சி வெச்சன். வாப்பா மகளோட சீதனக் கத கதைக்கிறதில்லதானே. அதனால உங்களிட்டக் குடுக்கச் சொல்லி காக்காட கையிலதான் குடுத்தார். பிறகு நான் விசாரிச்ச நேரம், புள்ள கடுதாசியப் பாத்திட்டு ஒண்டும் சொல்லல்லயாம், சம்மதம்தானாம், மசூர் சொன்னான் எண்டு கபூர் காக்காக்குப் பெரிய சந்தோசம். தம்பி, அந்தக் கடுதாசிய நீங்க இன்னும் குடுக்கல்லயா?

— பெண்சாதி வீட்டுல, என்ட அலுமாரிக்குள்ள கிடக்கு. எடுத்திட்டு வாறன்.